எஞ்சினுக்கு ஒரு துருத்தி

அறிவியல் உரைநடை

நுழையும் முன்

கார் எதனால் ஓடுகிறது என்று கேட்டால், பெட்ரோலால் என்று உடனே விடை சொல்வோம். அவ்விடை முழுமையானதன்று. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எடுத்துச் செல்லக் காரில் தொட்டி உண்டு. காற்றை எடுத்துச் செல்லத் தொட்டி இல்லை. போகும் வழியெல்லாம் எஞ்சின் காற்றை உள்வாங்கிக்கொண்டே செல்கிறது. அவ்வாறு உள்வாங்கும் காற்றின் அளவே அதன் ஆற்றலுக்கு எல்லை வகுக்கிறது. அந்த எல்லையைச் சற்றுத் தள்ளிவைக்கும் கருவி சூப்பர்சார்ஜர். சிறிய கார் எஞ்சின் ஒன்றில் அதைப் பொருத்தினால் பெறுவது எவ்வளவு? அதற்குக் கொடுக்க வேண்டிய விலை எவ்வளவு? இப்பாடத்தில் காண்போம்.

1. கொல்லன் உலை கற்பிக்கும் பாடம்

நம் ஊர்களில் ஏர்க்கொழு, அரிவாள், வண்டிச் சக்கரப் பட்டை முதலியவற்றைச் செய்து தந்த கொல்லர்களின் பட்டறையில் துருத்தி என்றொரு கருவி இருந்தது. தோலால் செய்யப்பட்ட காற்றுப்பை அது. அதனை அமுக்கினால் குழாய் வழியே காற்று உலைக்குள் பாயும். மங்கிக் கிடந்த கரி சிவந்து கனலும், மேலும் ஊதினால் மஞ்சளாக ஒளிரும், இரும்பு இளகும். சங்க இலக்கியத்திலும் கொல்லன் உலையும் துருத்தியும் இடம்பெறுகின்றன. அத்துணைப் பழமையானது இக்கருவி.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துருத்தி ஊதியபோது உலையில் கரி கூடவில்லை. கூடியது காற்று மட்டுமே. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் உள்ளது. ஆக்சிஜன் மிகுதியாகக் கிடைத்ததால், அதே நேரத்திற்குள் அதிகக் கரி எரிந்தது, வெப்பம் பெருகியது. கரியும் விரைவில் தீர்ந்தது. எனவே கொல்லர் மீண்டும் கரியை இட்டார். ஊதுவதில் அளவு மீறினால் அடிப்பதற்காக வைத்த இரும்பே உருகிக் கெட்டுவிடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

காற்றைக் கூட்டினால் எரிபொருளையும் கூட்ட வேண்டும். எரிபொருளைக் கூட்டினால் வெப்பத்தைத் தாங்கும் வழியையும் தேட வேண்டும். உலைக்குரிய இவ்விதியே கார் எஞ்சினுக்கும் உரியது. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்கு வைத்த துருத்தி.

2. எஞ்சின் மூச்சு விடும் விதம்

பெட்ரோல் எஞ்சினின் உள்ளே சிலிண்டர் என்னும் உருளை வடிவக் கூடு உண்டு. அதனுள் பிஸ்டன் மேலும் கீழுமாக இயங்குகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது வால்வு திறந்து காற்று உள்ளே வருகிறது. அடுத்து வால்வு மூடிக்கொள்ள, பிஸ்டன் மேலே ஏறிக் காற்றையும் பெட்ரோலையும் அழுத்துகிறது. மூன்றாவதாகத் தீப்பொறி பட்டுக் கலவை எரிந்து, விரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதாகப் பிஸ்டன் மேலேறிப் புகையை வெளியேற்றுகிறது. உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் ஆகிய இந்த நான்கு வீச்சுகளில் மூன்றாவது மட்டுமே நமக்கு வேலை செய்து தருகிறது.

முதல் வீச்சை உறிஞ்சல் என்று கூறினாலும், காற்றை உள்ளே தள்ளுவது வெளியே உள்ள வளிமண்டலத்தின் அழுத்தமே ஆகும். பிஸ்டன் இறங்கி இடம் கொடுக்கிறது. வளிமண்டலம் அவ்விடத்தை நிரப்புகிறது. வெளியழுத்தம் எவ்வளவோ அவ்வளவே உள்ளே வரும். அதற்குமேல் ஒரு சிட்டிகைக் காற்றையும் எஞ்சின் தானாகப் பெற இயலாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.2 லிட்டர் கொள்ளளவுடைய சிறிய எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழல்வதாகக் கொள்வோம். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே ஒவ்வொரு சிலிண்டரும் நிரம்பும். ஆகவே நிமிடத்திற்கு 1500 முறை, ஒவ்வொரு முறையும் 1.2 லிட்டர். முழுமையாக நிரம்பினால் மொத்தம் 1800 லிட்டர் காற்று. கடல்மட்டத்தில் அதன் எடை 2 கிலோவுக்குச் சற்று மிகுதி. அதனுடன் எரியக்கூடிய பெட்ரோல் 150 கிராமுக்கும் சற்றுக் குறைவே. பெட்ரோலை எத்துணை மிகுதியாகத் தெளித்தாலும் எஞ்சியது எரியாமல் கரும்புகையாகத்தான் போகும்.

உங்களுள் சிலர், பெற்றோரின் பணி காரணமாக மலைப்பகுதிகளில் வாழ்ந்திருப்பீர்கள். லடாக்கின் லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி, கடற்கரையில் உள்ள சென்னையின் காற்றடர்த்தியில் ஏறத்தாழ 70 விழுக்காடு மட்டுமே. சென்னையில் 80 குதிரைத்திறன் தரும் சாதாரண எஞ்சின் லேயில் ஏறத்தாழ 56 குதிரைத்திறனே தரும். காரும் அதே; பெட்ரோலும் அதே; காற்றுத்தான் மெலிந்துவிட்டது. புதிதாக லேயில் வந்து இறங்குபவருக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதும் இதே காரணத்தால்தான். உயரத்தில் பறக்கும் விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களுக்குச் சூப்பர்சார்ஜர் இன்றியமையாததாக விளங்கியது எதனால் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

3. சூப்பர்சார்ஜர் பிறந்த கதை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள கானர்ஸ்வில் என்னும் ஊரில் ரூட்ஸ் உடன்பிறந்தார் இருவர் துணி ஆலை நடத்தினர். நீராற்றலால் சுழலும் சக்கரத்தை மேம்படுத்த அவர்கள் முயன்றபோது உருவான ஓர் அமைப்பு, நீரைவிடக் காற்றைத் தள்ளுவதற்கே பொருத்தமாக அமைந்தது. 1860ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றனர். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்றூதவே அக்கருவி பெரிதும் பயன்பட்டது. கார் பிறப்பதற்கு முன்பே காருக்கான துருத்தி பிறந்துவிட்டது!

பின்னர் ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனம் 1921ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களைக் காட்சிக்கு வைத்தது. அவற்றுள் சிறியதன் பெயர் 6/25/40. முதல் எண் வரி விதிப்புக்கான கணக்கு. இரண்டாவது எண் துருத்தி இயங்காதபோது கிடைக்கும் குதிரைத்திறன். மூன்றாவது எண் துருத்தி இயங்கும்போது கிடைப்பது. ஏறத்தாழ 1.6 லிட்டர் எஞ்சினில் 25 குதிரைத்திறன் 40 ஆக உயர்ந்தது. ஓட்டுநர் முடுக்கு மிதியை அடிவரை அழுத்தினால் மட்டுமே துருத்தி இயங்கும். அதுவும் சிறிது நேரத்திற்கே. நெடுநேரம் தாங்கும் வலிமை எஞ்சினுக்கு இல்லை என்பதை அதைச் செய்தவர்களே அறிந்திருந்தனர்.

ரூட்ஸ் வகைக் கருவியின் உள்ளே, ஒன்றையொன்று தழுவியவாறு எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளிகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று உரசுவதில்லை. இடையே மயிரிழை அளவு இடைவெளி உண்டு. ஒருபுறம் நுழையும் காற்றை உருளியின் பள்ளங்கள் வாரி எடுத்து மறுபுறம் கொண்டு சேர்க்கின்றன. கிணற்று நீரை ஏற்றக் கட்டப்பட்ட ஏற்றச் சால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதுபோல் காற்று வந்து குவிகிறது. எஞ்சின் ஏற்கும் அளவைவிட வந்து சேரும் அளவு மிகுதியாதலால் அங்கே அழுத்தம் உயர்கிறது. திருகாணி போன்ற இரட்டை உருளிகள் கொண்ட வகையும், மின்விசிறி போன்ற சக்கரம் மிக விரைவாகச் சுழன்று காற்றை வீசும் வகையும் உண்டு.

இக்கருவியைச் சுழற்றுவது யார்? எஞ்சினேதான். எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து ஒரு பெல்ட் மூலம் அது இயக்கப்படுகிறது. ஆகவே கிடைக்கும் கூடுதல் ஆற்றலில் ஒரு பகுதியைச் சூப்பர்சார்ஜரே உண்டுவிடுகிறது. டர்போசார்ஜர் என்னும் மற்றொரு கருவி, வீணாகும் புகையின் விசையால் சுழல்கிறது. அது சிக்கனமானது, ஆனால் புகையின் விசை பெருகும்வரை சற்றுக் காத்திருக்க வேண்டும். சூப்பர்சார்ஜரோ எஞ்சினோடு சேர்ந்தே சுழல்வதால் மிதியை அழுத்தியவுடன் பயன் தரும்.

4. வெப்பம் என்னும் விலை

மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பது இயற்கையின் விதி. சூடான காற்று விரியும். விரிந்த காற்றில் ஆக்சிஜன் செறிவு குறையும். நாம் ஒரு கையால் பெறுவதை வெப்பம் மறு கையால் பறித்துக்கொள்கிறது.

30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்திற்குக் கொண்டுவருவோம். இழப்பே இல்லாத கற்பனைக் கருவியிலும் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 67 பாகைக்கு உயரும். நடைமுறையில் ரூட்ஸ் வகைக் கருவியில் அது 90 பாகையையும் கடக்கலாம். அழுத்தம் 50 விழுக்காடு உயர்ந்தாலும், வெப்பத்தால் விரிந்துவிட்ட அக்காற்றின் அளவோ ஏறத்தாழ 25 விழுக்காடுதான் கூடியிருக்கும். அதே காற்றை மீண்டும் 50 பாகைக்குக் குளிர்வித்தால் 40 விழுக்காடு கூடுதலாகப் பெறலாம். அவ்வாறு குளிர்விக்கும் கருவியே இன்டர்கூலர். வண்டியின் முன்புறமுள்ள ரேடியேட்டர் போன்ற தோற்றமுடைய அதன் வழியே சூடான காற்று செல்லும்போது, வெளிக்காற்று பட்டு வெப்பம் தணிகிறது.

வெப்பத்தால் விளையும் பெருந்தீங்கு வேறொன்று உண்டு. சிலிண்டருக்குள் கலவை தீப்பொறி பட்டு ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்குச் சீராகப் பரவி எரிய வேண்டும். அழுத்தமும் வெப்பமும் அளவு மீறினால், தீ இன்னும் சென்று சேராத மூலையில் உள்ள கலவை தானாகவே ஒரே நொடியில் வெடிக்கும். அந்த அதிர்வு சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலியை எழுப்பும். இதனைத் தட்டல் என்பர். பட்டறைகளில் நாக்கிங் என்பர். தொடர்ந்து தட்டல் ஏற்பட்டால் பிஸ்டனின் விளிம்பு உடையும். தலைப்பகுதியை அடைத்துள்ள கேஸ்கட் கிழியும். சில வேளைகளில் பிஸ்டனிலேயே ஓட்டை விழும். கடும் சுமையில் இவ்வழிவு நேர நெடுந்தொலைவு ஓட வேண்டியதில்லை.

பெட்ரோலின் ஆக்டேன் எண் என்பது தட்டலைத் தாங்கும் அதன் தன்மையைக் குறிக்கிறது. நம் நாட்டில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் முன்பு 91 ஆக இருந்தது. உயர்வகைப் பெட்ரோலுக்கு 95. துருத்தி வைத்த எஞ்சின் பெரும்பாலும் உயர்வகையையே வேண்டி நிற்கும்.

5. பொருத்தும் முறை

சூப்பர்சார்ஜரை வாங்கி எஞ்சின்மேல் திருகிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் உளர். உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது.

முதலில் அக்கருவியைத் தாங்கும் உறுதியான தாங்கியைச் செய்ய வேண்டும். பெல்ட் செல்லும் சக்கரங்கள் அனைத்தும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். சிறிது கோணினாலும் பெல்ட் தேய்ந்து அறுந்துவிடும். சக்கரத்தின் அளவே துருத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. துருத்தியின் சக்கரத்தைச் சிறிதாக்கினால் அது விரைந்து சுழலும். அழுத்தமும் வெப்பமும் கூடும்.

அடுத்து, காற்று வரும் வழி. நல்ல வடிகட்டியிலிருந்து துருத்திக்கும், துருத்தியிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் கசிவற்ற குழாய்கள் வேண்டும். மெதுவாகச் செல்லும்போது கூடுதல் காற்று தேவையில்லை. அப்போது காற்றைத் திரும்பவும் தொடக்கத்திற்கே அனுப்பும் மாற்றுவழி வால்வு ஒன்று பொருத்தப்படும். இல்லாவிடில் தேவையற்ற வேளையிலும் காற்றை அழுத்தி ஆற்றல் வீணாகும்.

மூன்றாவது, எரிபொருள். கொல்லர் கரியைக் கூட்டியதுபோல் இங்கே பெட்ரோலைக் கூட்ட வேண்டும். பழைய இன்ஜெக்டர்கள் போதாவிடில் பெரியவை வேண்டும். பம்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் கலவை கடுஞ்சூட்டோடு எரிந்து பிஸ்டனை உருக்கிவிடும். பலர் இவ்விடத்தில்தான் எஞ்சினை இழக்கிறார்கள்.

நான்காவது, எஞ்சினின் மூளையாக விளங்கும் கட்டுப்பாட்டுக் கணினி. எந்தச் சுழற்சியில் எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்னும் அட்டவணை அதனுள் பதிந்துள்ளது. அந்த அட்டவணை துருத்தி இல்லாத எஞ்சினுக்காக எழுதப்பட்டது. ஆகவே அதனைப் புதிதாக எழுத வேண்டும். தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக இட்டால் தட்டல் குறையும். வெப்பத்தை விரைவில் கடத்தும் வகையான ஸ்பார்க் பிளக்குகளும் தேவைப்படும். இவற்றையெல்லாம் வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டிச் சோதிக்கும் டைனமோமீட்டரில் சிறிது சிறிதாகச் சரிபார்ப்பர். புகைக்குழாயில் உள்ள உணரி கலவையின் அளவைக் காட்டும். தட்டலைக் கேட்கும் உணரி எச்சரிக்கும்.

ஐந்தாவது, எஞ்சினுக்கு வெளியே உள்ளவை. கூடுதல் வெப்பத்தைத் தணிக்க ரேடியேட்டர் போதுமா? கூடுதல் விசையைக் கிளட்சும் கியர்ப்பெட்டியும் தாங்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் போதுமா? வேகம் ஒன்றரை மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். அவ்வளவையும் பிரேக்குகள்தாம் வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். ஓட வைக்கும் முன் நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

6. இரு சிறிய கார்கள்

தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜர் வைத்து உருவாக்கப்பட்ட இரண்டு சிறிய கார்களை ஒப்பிடுவோம்.

முதலாவது, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் உருவான மினி கூப்பர் எஸ். 2002 முதல் 2006 வரை விற்பனையான அக்காரில் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின். துருத்தி இல்லாத கூப்பர் காரில் அந்த எஞ்சின் 115 குதிரைத்திறனும் ஏறத்தாழ 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. துருத்தி வைத்தபின் 163 குதிரைத்திறனும் 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. அதில் பொருத்தப்பட்ட ஈட்டன் நிறுவனத்தின் ரூட்ஸ் வகைத் துருத்தி, ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும். அது எஞ்சினைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சுழலும். ஆக, எஞ்சின் ஒருமுறை சுழலும்போது 0.8 லிட்டர் கொள்ளும் இடத்திற்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் காற்று வந்து சேர்கிறது.

ஆனால் துருத்தியை மட்டும் வைத்தார்களா? இல்லை. பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதத்தை 10.6 இலிருந்து 8.3 ஆகக் குறைத்தார்கள். எஞ்சின்மேல் இன்டர்கூலரை வைத்து, அதற்குக் காற்று செல்ல முன்மூடியில் ஒரு வாயைத் திறந்தார்கள். ஐந்து கியருக்கு மாற்றாக ஆறு கியர்ப்பெட்டியை வைத்தார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பைக்கூடத் துருத்தியின் பின்புறத்திலிருந்து இயங்குமாறு மாற்றி அமைத்தார்கள். ஒரு கருவிக்காக ஓர் எஞ்சினையே மறுபடியும் சிந்தித்தார்கள்.

இரண்டாவது, நிசான் மைக்ரா. 2011ஆம் ஆண்டு ஐரோப்பாவில் அதன் ஒரு வகை சூப்பர்சார்ஜருடன் அறிமுகமானது. ஐரோப்பாவுக்கான அந்தத் தலைமுறை மைக்ரா கார்கள், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உருவாகிக் கப்பலேறின என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மூன்று சிலிண்டர்களுடைய 1.2 லிட்டர் எஞ்சின், துருத்தி இல்லாதபோது 80 குதிரைத்திறனும் துருத்தியுடன் 98 குதிரைத்திறனும் தந்தது. இங்கே நோக்கம் வேகமன்று, சிக்கனம். இன்னும் பெரிய எஞ்சின் செய்யும் வேலையைச் சிறிய எஞ்சினால் செய்து, பெட்ரோலைச் சேமிக்க விரும்பினார்கள்.

அதற்கு அவர்கள் ஓர் உத்தியைக் கையாண்டார்கள். உறிஞ்சல் முடிந்தபின்னும் வால்வைச் சிறிது நேரம் திறந்தே வைத்தார்கள். உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வெளியே திரும்பிவிடும். அதனால் அழுத்தும் வேலை குறைகிறது. எரிந்தபின் விரியும் தொலைவோ குறைவதில்லை. இதற்கு மில்லர் சுழற்சி என்று பெயர். திரும்பிச் சென்ற காற்றின் இழப்பைத் துருத்தி ஈடுசெய்கிறது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே தெளித்ததால் உள்வெப்பமும் தணிந்தது. ஆகவே அழுத்த விகிதத்தை 13 வரை உயர்த்த முடிந்தது. தேவையில்லாதபோது துருத்தியை எஞ்சினிலிருந்து பிரித்துவிட மின்காந்தக் கிளட்ச் ஒன்றும் வைத்தார்கள். அதன் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் கிலோமீட்டருக்கு 95 கிராம் என்ற குறைந்த அளவில் நின்றது.

ஒரே கருவி, ஒருவர் அதனை விரைவுக்குப் பயன்படுத்தினார், மற்றொருவர் சிக்கனத்திற்குப் பயன்படுத்தினார். இருவரும் எஞ்சினின் பிற பகுதிகளை அதற்கேற்ப மாற்றினார்கள் என்பதே பொதுவான செய்தி.

7. பொருத்தலாமா?

வீட்டில் உள்ள சிறிய காரில் சூப்பர்சார்ஜர் பொருத்தலாமா என்று உங்கள் அண்ணனோ மாமாவோ கேட்கக்கூடும். முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. சாலையில் செல்லும் காரின் ஆற்றல், அதன் உரிமையாளருக்கு மட்டும் உரிய செய்தியன்று. அதே சாலையில் பள்ளிக்கு நடந்து செல்லும் நீங்களும் இருக்கிறீர்கள். விபத்து நேர்ந்தால், அனுமதியற்ற மாற்றம் காப்பீட்டு இழப்பீட்டையும் சிக்கலாக்கும். பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் வண்டிக்குரிய விதிகள் வேறு.

அடுத்து எஞ்சினின் வலிமையைப் பார்க்க வேண்டும். மென்மையான மயிலிறகே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துகிறார். இங்கே நாம் ஏற்றுவது மயிலிறகினும் மெல்லிய காற்று. அக்காற்றே பிஸ்டனை உடைக்கவும் வல்லது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த எஞ்சினில் புதிய துருத்தியை வைப்பது, முதியவர் முதுகில் மூட்டையை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

அவ்வாறாயின் இக்கருவியைக் கற்பதால் என்ன பயன்? பெரும் பயன் உண்டு. வளங்கள் குறைந்துவரும் இக்காலத்தில், சிறிய எஞ்சினிலிருந்து மிகுந்த பணியைப் பெறுவது எவ்வாறு என்பது பொறியாளர் முன் உள்ள பெரிய வினா. பந்தயக் களத்திலும் மலைச்சாலையிலும் ஒரகடத் தொழிற்சாலையிலும் அவ்வினாவுக்கு விடை தேடியிருக்கிறார்கள். கொல்லரும் ஒருகாலத்தில் தேடினார். துருத்தியின் பிடியில் அவர் கை இருந்தது. கண்ணோ இரும்பின் நிறத்தின்மேல் இருந்தது. ஊதுவதற்கு வலிமை போதும். எப்போது நிறுத்துவது என்பதை அறிவதற்குக் கல்வி வேண்டும்.

சொல்லும் பொருளும்

துருத்தி – உலைக்குக் காற்றூதும் தோற்கருவி
உலை – கொல்லன் நெருப்பிடம்
கொழு – ஏரின் நுனியிலுள்ள இரும்பு
சால் – கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கலம்
அடர்த்தி – ஓர் இடத்தில் பொருள் செறிந்திருக்கும் அளவு
முறுக்குவிசை – தண்டினைச் சுழலச் செய்யும் விசை
உணரி – மாற்றத்தை அறிந்து தெரிவிக்கும் கருவி
காப்புரிமை – கண்டுபிடிப்புக்குச் சட்டம் தரும் உரிமை

பயிற்சி

அ. ஓரிரு தொடரில் விடை தருக.
1. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய எவ்வளவு காற்று வேண்டும்?
2. லே நகரில் கார் எஞ்சினின் ஆற்றல் குறைவது ஏன்?
3. இன்டர்கூலரின் பணி யாது?
4. 6/25/40 என்னும் பெயரில் உள்ள மூன்று எண்களும் எவற்றைக் குறிக்கின்றன?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை தருக.
1. கொல்லன் துருத்திக்கும் சூப்பர்சார்ஜருக்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதுக.
2. தட்டல் எவ்வாறு ஏற்படுகிறது? அதனைத் தவிர்க்கும் வழிகள் இரண்டினைக் கூறுக.
3. மினி கூப்பர் எஸ், நிசான் மைக்ரா ஆகியவற்றில் துருத்தி வைக்கப்பட்ட நோக்கங்களை ஒப்பிடுக.

இ. கணக்கிட்டுப் பார்க்க.
0.8 லிட்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 2500 முறை சுழன்றால், முழுமையாக நிரம்பும் நிலையில் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்றை உள்வாங்கும்?

ஈ. மொழியை ஆள்வோம்.
1. பிரித்து எழுதுக: காற்றூதும், மயிலிறகு, முறுக்குவிசை, நேர்க்கோடு.
2. 'ஊது', 'கனல்', 'இளகு' ஆகிய சொற்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.
3. "வீட்டுக் காரில் சூப்பர்சார்ஜர் பொருத்தப் போகிறேன்" என்று கூறும் மாமாவுக்கு, நீங்கள் அறிந்தவற்றைப் பணிவுடன் எடுத்துரைத்து ஒரு கடிதம் எழுதுக.

உ. வீட்டில் கேட்டு அறிக.
உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் கொல்லுப்பட்டறை இருந்ததா? அங்கே செய்யப்பட்ட பொருள்களின் பெயர்களைத் தொலைபேசியில் கேட்டு, ஐந்து சொற்களைத் தமிழில் எழுதி வருக.